முக்குளிக்க எந்தத் தீவு? ஹேவ்லாக், பங்காரம், மாலத்தீவு, பெர்ஹெந்தியான்: ஓர் ஒப்பீடு

பள்ளத்தூரில் இருக்கும் என் தம்பி, சித்தப்பா மகன், சென்ற மாதம் நான்கு தீவு விடுதிகளின் படங்களை அச்செடுத்துக் கொண்டுவந்து, எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வரிசையாகப் பரப்பி, "அண்ணே, இதில் எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றான். ஒன்று அந்தமானின் ஹேவ்லாக், ஒன்று லட்சத்தீவின் பங்காரம், ஒன்று மாலத்தீவு, மற்றொன்று மலேசியாவின் பெர்ஹெந்தியான். நான்கு படங்களிலும் ஒரே நீலத் தண்ணீர், ஒரே மரப்பாலம், தண்ணீரை நோக்கிச் சாய்ந்த ஒரே தென்னை. படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை அவனுக்கு விளக்க அன்று ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. அவனைப் போலவே காரைக்குடிப் பக்கத்திலிருந்து பலர் இப்போது ஸ்கூபா, அதாவது காற்றுச் சிலிண்டரைச் சுமந்து முக்குளிப்பது, கற்றுக்கொள்ளப் புறப்படுவதால், அன்று பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான்கு இடங்களிலும் நான் கடலில் இறங்கியிருக்கிறேன். ஹேவ்லாக்கில் மூன்று முறை, மாலத்தீவில் இரண்டு முறை, மற்ற இரண்டிலும் ஒவ்வொரு முறை.

முதலில் கேட்க வேண்டியது எந்த விடுதி என்பதன்று, எந்த மாதம் என்பதே. அடுத்தது, படுக்கையிலிருந்து பவளப்பாறை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது. மூன்றாவது, குடும்பத்தில் யார் தண்ணீருக்குள் போவார்கள், யார் கரையில் இருப்பார்கள் என்பது. இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு அறையையும் குளிர்சாதனத்தையும் காலைச் சிற்றுண்டியையும் பார்த்தால் போதும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தை இழக்கிறார்கள். நானும் ஒருமுறை இழந்திருக்கிறேன். ஆகஸ்டு மாதத்தில் பாதி விலைக்கு அறை கிடைக்கிறதென்று ஒரு தீவுக்குப் போய், ஐந்து நாட்களில் நான்கு நாட்கள் படகு புறப்படாமல் வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அந்த மாதத்தில் அங்கே கடல் அப்படித்தான் இருக்கும் என்று முன்பணம் வாங்கும்போது விடுதிக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

தம்பி குடும்பத்தில் ஐந்து பேர். அவன், அவன் மனைவி, பதினாறு வயது மகள், பதினொரு வயது மகன், பிள்ளைகளின் அப்பத்தா. நால்வர் முக்குளிக்க விரும்புகிறார்கள். ஒருவரிடமும் முக்குளிப்புப் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. அப்பத்தாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி உண்டு, ஆனால் பிள்ளைகளை விட்டுவிட்டு ஊரில் இருக்கச் சம்மதிக்கவில்லை. தேர்வு முடிந்து ஏப்ரல் 20 முதல் மே 15 வரைக்குள் ஏழெட்டு நாட்கள்தான் அவர்களுக்குக் கிடைக்கும். இந்த விவரங்கள் மாறினால் என் முடிவும் மாறும் என்பதால் இவற்றை முன்னமே சொல்லிவிடுகிறேன்.

மாதத்திலிருந்து தொடங்குவோம். அந்தமானிலும் லட்சத்தீவிலும் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தின் பிற்பகுதியில் எழுந்து கடலைக் கலக்கத் தொடங்கும். ஆகவே இரண்டுக்கும் ஏறத்தாழ மே நடுப்பகுதியோடு நல்ல பருவம் முடிந்துவிடுகிறது. அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் தெளிந்து அமைதியாக இருக்கும். மாலத்தீவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட பருவம். மே மாதத்தில் காற்று திரும்புகிறது, விட்டுவிட்டு மழை பெய்கிறது, ஆனாலும் அங்கே ஆண்டு முழுவதும் முக்குளிப்பு நடக்கும். பெர்ஹெந்தியான் இவற்றுக்கு நேர் எதிர். அது மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் இருப்பதால், நமக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்குள்ள விடுதிகளில் பெரும்பாலானவை மூடிக்கிடக்கும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் பருவம். பொங்கல் விடுமுறைக்குப் பெர்ஹெந்தியானும், ஜூலை மாதத்துக்கு ஹேவ்லாக்கும் யாராவது விற்க வந்தால் அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. தம்பி சொன்ன தேதிகளுக்கு நான்குமே, சற்று ஏறக்குறைய, பொருந்துகின்றன. அதனால்தான் அவனுக்கு இது கடினமான கேள்வியாக இருந்தது.

அந்தமானில் ஹேவ்லாக்கின் அதிகாரப் பெயர் 2018 முதல் சுவராஜ் தீவு; போர்ட் பிளேரின் பெயரும் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டுவிட்டது. பயணச்சீட்டு எடுக்கும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் படும் என்பதற்காகச் சொல்கிறேன். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ரயில், அங்கிருந்து ஸ்ரீ விஜயபுரத்துக்கு விமானத்தில் இரண்டேகால் மணி நேரம், பிறகு தனியார் வேகப் படகில் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம், இந்தியர்களுக்கு ஹேவ்லாக் செல்ல அனுமதிச்சீட்டும் வேண்டாம். அரசுப் படகும் உண்டு. கட்டணம் குறைவு, ஆனால் அதிக நேரம் எடுக்கும், வெளியூர்க்காரர்களுக்கு இடம் கிடைப்பதும் அரிது.

ஹேவ்லாக்கிற்குள்ளேயே எந்தக் கரையில் தங்குவது என்பதுதான் அங்கே உண்மையான தேர்வு. மேற்குக் கரையில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது. வெண்மணல், பெருமரங்கள், சூரியன் மறையும் காட்சி, தாஜ் எக்ஸோட்டிகா, பேர்ஃபுட் போன்ற விடுதிகள். கிழக்குக் கரையில் விஜய்நகர், கோவிந்த்நகர் கடற்கரைகள். நடுத்தர விலை விடுதிகளும் முக்குளிப்பு மையங்களும் பெரும்பாலும் இங்கேதான். ராதாநகரில் தங்குகிறவர் ஒவ்வொரு விடியற்காலையும் ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் சாலையில் வந்து படகேற வேண்டும். அழகுக்கு ராதாநகர், முக்குளிப்புக்கு விஜய்நகர் என்பது என் கணிப்பு. விஜய்நகரில் ஒரு குறையும் உண்டு: வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிக் கல்லும் சேறும் தெரியும், அந்த நேரத்தில் கரையில் நீந்த முடியாது. ராதாநகரை ஒட்டிய உப்பங்கழியின் பக்கம் 2010-இல் ஒருவரை முதலை தாக்கிக் கொன்றது. ஆகவே அங்கே உயிர்காப்பாளர்கள் காட்டும் எல்லையைத் தாண்டி நீந்தக் கூடாது என்பதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன்.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஹேவ்லாக்கின் பெரிய வசதி, ஆழம் படிப்படியாகக் கூடுவது. நீமோ ரீஃப் என்னும் இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் மண்டியிட்டு மூச்சு விடப் பழகிவிட்டு, அப்படியே நழுவி ஆழத்துக்குப் போகலாம். அடுத்து அக்வேரியம், லைட்ஹவுஸ் ஆகிய இடங்கள். இருபது மீட்டருக்குள் எல்லாம் தெரிந்துவிடும். தேர்ந்தவர்களுக்கு டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ். இவை கடலுக்கடியில் தனியே எழுந்து நிற்கும் பாறைகள். படகில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் போக வேண்டும். டிக்சன், ஜானி என்பவை அங்கே வழிகாட்டிகளாக இருந்த கரேன் இனத்தவரின் பெயர்கள் என்று முதல் முறை போனபோது அறிந்தேன். கரேன் மக்கள் 1925-இல் பர்மாவிலிருந்து அந்தமானில் குடியேறியவர்கள். நம் வீட்டுத் தூண்களுக்கான தேக்கு எந்த நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததோ, அந்த நாட்டு மக்களின் பெயர்கள் கடலடிப் பாறைகளுக்கு வழங்குவதை அறிந்தபோது எனக்கு இனம்புரியாத நெருக்கம் ஏற்பட்டது.

மொழியையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹேவ்லாக்கில் குடியேறியவர்களில் வங்காளிகளே மிகுதி என்றாலும், அந்தமான் முழுவதும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள்; தமிழ் பேசும் பயிற்சியாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டால் பெரும்பாலும் கிடைப்பார். தண்ணீருக்கடியில் கைச்சாடைதான் மொழி என்பது உண்மையே. ஆனால் முதல் நாள் கரையில் நின்று, காது ஏன் வலிக்கிறது, மூச்சை ஏன் அடக்கக் கூடாது என்று கேட்கும் பதினொரு வயதுப் பையனுக்கு, பயத்தைச் சொல்லவும் தெளிவு பெறவும் சொந்த மொழி வேண்டும். இதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் மற்றவர்கள் கொடுப்பதைவிட மிக அதிகம்.

லட்சத்தீவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் அங்கே தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. முப்பத்தாறு தீவுகளில் மக்கள் வாழ்வன பத்து. சுற்றுலாப் பயணிகள் தங்கக்கூடியவை அதிலும் குறைவு. கடலின் தெளிவில் நான்கு இடங்களிலும் லட்சத்தீவுக்கே முதலிடம் தருவேன். பங்காரத்தில் விடுதியைத் தவிரக் குடியிருப்பு கிடையாது. இரவில் வளையப்பாறைக்கு உட்பட்ட காயலில் நிலவு விழும்போது அடிமணல் தெரிகிறது. ஆனால் 1967-ஆம் ஆண்டின் விதிகளின்படி வெளியார் ஒவ்வொருவருக்கும் நுழைவு அனுமதி வேண்டும். காவல் துறைச் சான்றும் கேட்கப்படும். கொச்சியிலிருந்து, லட்சத்தீவின் விமானத்தளம் இருக்கும் அகத்தித் தீவுக்குச் சிறு விமானம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போகிறது. இருக்கைகள் குறைவு, சுமைக்கும் கட்டுப்பாடு உண்டு. கப்பலில் போனால் கொச்சியிலிருந்து பதினான்கு மணி நேரத்துக்குக் குறையாது. நமக்கு எர்ணாகுளம் போவது கடினமன்று, வேளாங்கண்ணியிலிருந்து வரும் ரயில் காரைக்குடி வழியாகவே வாரத்தில் சில நாள் போகிறது. ஆனால் ஐந்து பேருக்கும் அனுமதி, ஐந்து பேருக்கும் ஒரே நாளில் விமான இருக்கை, ஐந்து பேருக்கும் அறை என்ற மூன்றும் பள்ளி விடுமுறையின் மூன்று வாரங்களுக்குள் கூடிவர வேண்டும். இரண்டு பேராகப் போகும் கணவன் மனைவிக்கு, நான்கைந்து மாதம் முன்பே திட்டமிட முடியுமானால், பங்காரத்தைத் தயங்காமல் சொல்வேன். தம்பி கேட்டது இரண்டு மாத இடைவெளியில்.

மாலத்தீவைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, அது கோடீசுவரர்களுக்கு மட்டுமே என்பது. மற்றொன்று, அங்கே எந்த விடுதிக்குப் போனாலும் கதவைத் திறந்தால் பவளப்பாறை என்பது. இரண்டும் சரியல்ல. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்ற முறையில் நடக்கும் ரிசார்ட்டுகள் ஒருபுறம் இருக்க, உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் பல இப்போது உள்ளன. மாஃபுஷி, திகுரா போன்ற இடங்களில் அறை வாடகை நமக்கு எட்டக்கூடியதே. திகுரா இருக்கும் தெற்கு ஆரி என்னும் வளையத் தீவுக்கூட்டத்தில் திமிங்கிலச் சுறாவை, நம் கடற்கரை மக்கள் அம்மணி உழுவை என்று அழைக்கும் அந்தச் சாதுவான பெருமீனை, ஆண்டு முழுவதும் காண வாய்ப்பு உண்டு.

ஆனால் விலைப்பட்டியலில் முதலில் தெரியும் எண் கடைசி எண்ணாக இருப்பதில்லை. மாலே விமான நிலையத்திலிருந்து தொலைவான ரிசார்ட்டுக்குக் கடல் விமானத்தில் போய்வர ஒருவருக்குப் பெரும்பாலும் 400 டாலருக்கு மேல் ஆகும். ஐந்து பேருக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால், அந்தத் தொகையில் ஹேவ்லாக் பயணத்தின் பெரும்பகுதியே முடிந்துவிடும். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் வந்து இறங்குகிறவர்கள் மாலேயில் ஓர் இரவு தங்க வேண்டும். பசுமை வரி 2025 முதல் ரிசார்ட்டுகளில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறு விருந்தினர் இல்லங்களில் 6 டாலர். அதற்கு மேல் சேவைக் கட்டணமும் சுற்றுலா வரியும் வரும். இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் விசா இலவசமாகக் கிடைப்பது மட்டும் ஒரு நிம்மதி.

மாலத்தீவு ரிசார்ட்டுகளுக்குள் ஒப்பிடுகிறவர் பார்க்க வேண்டியது தண்ணீர் மேல் நிற்கும் அறைகளை அன்று, தீவைச் சுற்றியுள்ள சொந்தப் பவளப்பாறையை. ஹவுஸ் ரீஃப் என்று விடுதிக்காரர்கள் சொல்வது இதைத்தான். நம் கடலோரத்தார் கடலடிப் பாறைத் திட்டைப் பார் என்பார்கள், அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கிறது. படத்தில் மிக அழகாகத் தெரியும் வெளிர்நீல ஆழமற்ற காயலின் நடுவே கட்டப்பட்ட அறைகளிலிருந்து, பாருக்குப் போகப் பல நூறு மீட்டர் மணல்வெளி மேல் நீந்த வேண்டியிருக்கும். சில தீவுகளில் போகவே முடியாது. விளாமெந்தூ, எல்லைதூ ஆகிய ரிசார்ட்டுகள் கரையோடு ஒட்டிய பாருக்குப் பெயர் பெற்றவை. 1972-இல் தொடங்கிய பாண்டோஸ், விமான நிலையத்திலிருந்து வேகப் படகில் எட்டும் தொலைவில் இருக்கிறது. உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழியாவதால் வரும் முக்குளிப்பு நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை அந்தத் தீவிலேயே உண்டு. குடும்பத்தோடு மாலத்தீவுக்குத்தான் போவோம் என்று முடிவெடுத்தவர்களுக்கு நான் சொல்வது இந்த மாதிரித் தீவு.

அப்படியிருந்தும் முதல் பயிற்சிக்கு மாலத்தீவை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே பெருமீன்கள் கூடும் இடங்கள், வளையத் தீவுக்கூட்டங்களின் விளிம்பினூடே கடல்நீர் புகுந்து வெளியேறும் கால்வாய்கள். உள்ளூர்ப் பேச்சில் கண்டு என்பார்கள். அங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும். என் இரண்டாம் பயணத்தில், பாறை விளிம்பில் கொக்கியை மாட்டிக்கொண்டு கொடி போல் படபடத்தபடி, எதிரே அசையாமல் நிற்கும் சாம்பல் நிறச் சுறாக்களைப் பார்த்தேன். அந்தக் கால் மணி நேரத்தை வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஆனால் புதிதாகப் பழகுகிறவரை அந்த இடத்துக்கு யாரும் அழைத்துப் போக மாட்டார்கள், போகவும் கூடாது. மாலத்தீவின் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு அதன் சிறந்த இடங்களைப் பார்க்காமல் திரும்புவது, விருந்துக்குப் போய்ச் சோற்றில் கை வைத்ததும் எழுந்துவிடுவது போன்றது. இருபது முப்பது முக்குளிப்பு முடித்தபின் போனால் அந்தக் கடலின் முழுமையைப் பெறலாம்.

பெர்ஹெந்தியான் என்ற மலாய்ச் சொல்லுக்கு நின்று செல்லும் இடம் என்று பொருள். வணிகர்கள் பயணத்தின் இடையே தங்கிய தீவுகள். என் ஐயா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். நாம் இப்போது திருச்சியில் ஏறி நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்குகிறோம். காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான் என்பதால், நான்கு இடங்களில் விமானம் ஏற மிக எளிதானது இதுவே. ஆனால் இறங்கிய பிறகு வழி நீள்கிறது: கோலாலம்பூரிலிருந்து கோத்தா பாருவுக்கு ஒரு மணி நேர விமானம், அங்கிருந்து கோலா பெசூட் துறைக்கு ஒரு மணி நேரக் கார்ப் பயணம், பிறகு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகப் படகு. போகும்போது ஓர் இரவு கோலாலம்பூரில் தங்கியே ஆக வேண்டும். விசா விதியைப் பயணத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்புவது கட்டாயம்.

கற்றுக்கொள்ள அது மிக நல்ல கடல். பயிற்சிக் கட்டணம் நியாயமானது, தண்ணீர் வெதுவெதுப்பானது, விரிகுடாக்களில் அலை இல்லை. பேராமைகள் மேயும் புல்வெளிகளில் முகமூடி மட்டும் அணிந்து மிதந்தாலே ஆமையைப் பார்க்கலாம். சர்க்கரைக் கப்பல் என்று ஓர் இடம் உண்டு. 2000-ஆம் ஆண்டில் சர்க்கரை ஏற்றிச் சென்றபோது மூழ்கிய சரக்குக் கப்பல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. பதினெட்டு மீட்டருக்குள் முழுக் கப்பலும் அடங்கிவிடுவதால் அடிப்படைச் சான்றிதழ் பெற்றவரே அதைச் சுற்றி வரலாம். அதன் இரும்புத் தகட்டருகே, என் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், ஒரு கிளிமீன் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. கொறுக் கொறுக்கென்று, மணப்பாறை முறுக்கைக் கடிப்பது போன்ற ஓசை தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்டது. சற்று நேரத்தில் அதன் பின்புறத்திலிருந்து வெண்மணல் புகை போல் உதிர்ந்தது. நாம் நடக்கும் வெண்மணல் கரைகளில் ஒரு பங்கு இப்படி உருவானதே.

தடையாக நின்றது அப்பத்தாவின் முழங்கால். பெர்ஹெந்தியானில் கார் ஓடும் சாலை இல்லை. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக நீர் டாக்சி என்னும் சிறு படகு, அல்லது காட்டுப் பாதை. பல விடுதிகளில் படகுத்துறையே கிடையாது. படகு மணலில் முட்டியதும் தொடை வரை தண்ணீரில் குதித்து இறங்க வேண்டும். எனக்கு அது ஐந்து வினாடி வேலை. எழுபது வயதுப் பெண்மணிக்கு, கண்டாங்கிச் சேலையோடு, ஆடும் படகிலிருந்து, நாளொன்றுக்கு இரண்டு முறை என்றால் அது வேறு கணக்கு. தீவில் பணம் எடுக்கும் இயந்திரத்தையும் எதிர்பார்க்கக் கூடாது, பெரிய மருத்துவமனை கரையில்தான். ஹேவ்லாக்கில் ஆட்டோ ஓடுகிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, சந்தையில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறது, சோறும் மீன் குழம்பும் கிடைக்கின்றன. முக்குளிக்காத ஒருவர் ஏழு நாட்கள் அங்கே சலிப்பில்லாமல் இருக்க முடியும்.

இலங்கையின் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவை ஏன் சேர்க்கவில்லை என்று தம்பி மனைவி கேட்டாள். திருகோணமலைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை கடல் நன்றாக இருக்கும், மொழிச் சிக்கலும் இல்லை. ஆனால் அங்கே தங்குவது கரையில்தான், தீவில் அன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் விடுதி கிடையாது, இருக்கவும் கூடாது.

எந்தத் தீவானாலும் முக்குளிப்பு மையத்தைத் தேர்ந்தெடுப்பது விடுதியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். முன்பதிவுக்கு முன் நான் தொலைபேசியில் நான்கு கேள்விகள் கேட்பேன்: ஒரு பயிற்சியாளரிடம் எத்தனை பேரை விடுவீர்கள், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அருகிலுள்ள அழுத்த அறை எங்கே, வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா. ஹேவ்லாக்கில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கான அறிமுக முக்குளிப்பில் ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்ற வழக்கம் பரவலாக இருப்பது எனக்கு மிகவும் நிறைவளிக்கிறது. கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்கிறவர்களை நம்பலாம்.

மையத்துக்குப் போன பிறகு கண்ணால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சிலிண்டரை மாட்டித் திறந்ததும், ரெகுலேட்டர் என்னும் மூச்சுக் கருவியை வாயில் வைத்து நான்கு முறை ஆழமாக மூச்சு இழுத்தபடி அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் சரி. மூச்சுக்கு மூச்சு முள் கீழே இறங்கி மீண்டும் ஏறினால், சிலிண்டரின் திருகு முழுவதும் திறக்கப்படவில்லை என்று பொருள். மேலே தெரியாத அந்தக் குறை ஆழத்தில் காற்று போதாமையாக வெளிப்படும். காற்றில் எண்ணெய் வாடை வந்தாலும் அந்தச் சிலிண்டர் வேண்டாம். இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்து காட்டும் பயிற்சியாளரை நான் விரும்புவேன். பையனுக்கும் மகளுக்கும் வீட்டிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

வயதும் உடல்நிலையும் முடிவைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. பத்து வயது நிறைந்தவர்கள் அறிமுக முக்குளிப்பும் இளையோர் சான்றிதழும் பெறலாம். பதினொரு வயதுப் பையனுக்கு 12 மீட்டர்தான் எல்லை. பெரியவர்களுக்கான அடிப்படைச் சான்றிதழ் 18 மீட்டர் வரை அனுமதிக்கிறது; அதற்கு மூன்று நான்கு நாட்கள், கடலில் நான்கு முறை இறங்குதல், 200 மீட்டர் நீச்சல், பத்து நிமிடம் மிதத்தல் வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் இறங்கக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரண்டு மடங்காகிவிடும் என்பதால், சளி பிடித்த மூக்கோடு இறங்கினால் காது தாங்காது. பிடிவாதமாக ஒருமுறை அப்படி இறங்கி நான்கு நாள் காது கேளாமல் இருந்தவன் என்ற முறையில் இதை வற்புறுத்துகிறேன். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும். அதற்கென்று தனிக் காப்பீடு எடுக்க வேண்டும்.

இன்னொரு கணக்கையும் நாட்களைப் பிரிக்கும்போதே போட வேண்டும். பல நாட்கள் தொடர்ந்து முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். நான் ஒரு முழு நாள் விடுவேன். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் அது குமிழியாகி மூட்டையும் நரம்பையும் தாக்கும். மாலத்தீவிலும் பங்காரத்திலும் இந்தக் கடைசி நாள் அதே தீவில், அதே வாடகையில் கழியும். ஹேவ்லாக்கில் அந்த நாளைப் படகுப் பயணத்துக்கும் ஸ்ரீ விஜயபுரத்தில் செல்லுலார் சிறைச்சாலையைப் பார்ப்பதற்கும் செலவிடலாம், நாள் வீணாவதில்லை.

இவற்றையெல்லாம் வைத்துத் தம்பிக்கு நான் சொன்னது: ஏப்ரல் கடைசி வாரத்தில் ஹேவ்லாக், விஜய்நகர் கரையில் தரைத்தள அறை இரண்டு, அதே விடுதியில் அல்லது நடக்கும் தொலைவில் முக்குளிப்பு மையம். மே இரண்டாம் வாரத்தைத் தவிர்க்கச் சொன்னேன். கடல் நன்றாகவே இருக்கலாம், ஆனால் பருவக்காற்று சற்று முந்தினால் படகு ரத்தாகும், திரும்பும் விமானமும் கையை விட்டுப் போகும். மகளும் தம்பியும் நான்கு நாள் பயிற்சியில் சான்றிதழ் பெறட்டும். அவன் மனைவியும் பையனும் அறிமுக முக்குளிப்பு ஒன்று செய்து பார்த்து, பிடித்தால் மட்டும் தொடரட்டும். அப்பத்தா இல்லாத ஒரு பயணம் அமைந்தால், அல்லது தேதி ஜூன் மாதத்துக்குத் தள்ளினால், பெர்ஹெந்தியானைத்தான் சொல்லியிருப்பேன். அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

படகுச்சீட்டும் விமானச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. அறை விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும், கடலை நோக்கிய வாசலில் படி இல்லாத அறை என்பதால் அதையே உறுதி செய்தோம். பையன் தினமும் காலையில் தோட்டக் கிணற்றில் இறங்கி, தண்ணீருக்குள் முகமூடியில் நீர் புகவிட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகுகிறான். மகளுக்கு மூக்கடைப்பு அடிக்கடி வருவதால் வரும் வெள்ளிக்கிழமை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போகிறார்கள். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே அவளுடைய பயிற்சிக் கட்டணத்தைச் செலுத்தச் சொல்லியிருக்கிறேன்.